நாற்பத்தொரு விமர்சனங்கள்

ரேடியோப் பெட்டியைப் பிரித்தால் வாங்கியே ஆகவேண்டும் என்று கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். தையல்காரி வெளியே வந்து படியில் உட்கார்ந்து, அந்த ரேடியோவின் விமர்சனங்களைக் கைப்பேசியில் மறுபடி முதலிலிருந்து படித்தாள். மொத்தம் நாற்பத்தொன்று.

மகள் நர்சாக இருக்கும் நாட்டில் சண்டை மூண்டு ஒன்பது நாள். போன் இல்லை, இணையம் இல்லை. சிற்றலை வானொலி ஒன்று மட்டும் மாலை ஐந்தரைக்கு, பதுங்குமிடங்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களை ஊர்வாரியாக வாசிக்கிறது. இன்று மகளுடைய ஊரின் முறை. மணி மூன்றாகிவிட்டது. இந்தக் கடையில் இருப்பது இந்த மலிவு ரேடியோ ஒன்றுதான். நல்லது வேண்டுமானால் நான்கு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். போனால் இன்றைய வாசிப்பு போயிற்று.

"என்னதான் போட்டிருக்கானுங்க?" என்றார் புருஷன். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை அவருக்கு.

"ஒருத்தன் அஞ்சு நட்சத்திரம் குடுத்திருக்கான், பார்சல் சீக்கிரம் வந்துச்சாம். இன்னொருத்தன் ஒண்ணு. பெட்டி நசுங்கியிருந்துச்சாம்."

"நாசமாப் போறவனுங்க. சத்தம் வருதா இல்லையான்னு ஒருத்தனாவது சொல்றானா?"

அவள் திரையை மேலும் தள்ளினாள். இருபது வருடத் தையலில் அவளுக்கு ஒன்று தெரியும். பிரமாதம் என்று சொல்லிப் போகிறவள் ரவிக்கையைப் போட்டே பார்த்திருக்க மாட்டாள். அக்குளில் பிடிக்கிறது என்று திரும்பி வருகிறவள்தான் போட்டவள். அப்படி ஒரு குறையைத்தான் தேடினாள். முப்பத்தாறாவதாகக் கிடைத்தது: 'வீட்டுக்குள் ஒன்றும் எடுக்காது. மாடியில் நீளமாகக் கம்பி கட்டினால் கேட்கும். ஆனாலும் நிலையம் நழுவிக்கொண்டே இருக்கும். எரிச்சல்.'

"ஏங்க, இவன் தொட்டுப் பாத்திருக்கான்," என்று எழுந்தாள்.

ஐந்தரைக்கு மொட்டை மாடியில் அவர் செம்புக் கம்பியின் நுனியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். கொஞ்சம் தாழ்த்தினாலும் குரல் அமுங்கியது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் வாசித்தாள். பழக்கமில்லாத நாக்கில் பெயர்கள் உடைந்து உடைந்து வந்தன. மகளுடைய ஊர் வந்தது. மருத்துவமனையின் பெயரும் வந்தது. தையல்காரி மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டைவிரலால் நிலையம் மாற்றும் திருகை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். மகள் பெயரின் முதல் எழுத்து கேட்டது. அதற்குமேல் இரைச்சல்.

"கேட்டுச்சு! அவதான்!" என்றார் அவர்.

"முழுசா கேட்டுச்சா?"

"மொத எழுத்து கேட்டுச்சு," என்றார் அவர். அதே எழுத்தில் தொடங்கும் பெயர்கள் எத்தனையோ.

குரல் தெளிந்தபோது அடுத்த ஊர் போய்க்கொண்டிருந்தது. யார் யாரோ பெற்ற பிள்ளைகள், ஒருவர் விடாமல், கணீரென்று. அவர் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார். இறக்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவரும் இறக்கவில்லை.