எல்ஸ்பெத் துறை

தண்கடல் மேல் படிந்த பனி மெல்லக் கலைய, இளைத்த கதிரவன் ஒளி பாறைமுகட்டைத் தொட, வலைஞர் வாரிக் கொணர்ந்த மீன் கரையெங்கும் குவிய, கப்பலுக்குப் பூசும் கீலும் உப்பும் கலந்த வாடை தெருத்தோறும் நிறைந்து கிடந்த இலையுதிர்காலக் காலையொன்றில், சுவீடன் நாட்டு மேலைக்கரையில் உள்ள எம் லிண்டெவிக் நகரின் மன்றம் கூடிற்று. எதிர்க்கரையில் தெரிந்த மொட்டைப் பாறைகள் நார்வே மண். அங்கே வேற்று மன்னன் ஆட்சி.

மன்றத்தின் முன் நின்றவன் கேவின் கின்லாக் என்னும் ஸ்காட்லாந்து வணிகன். பன்னீராண்டுக்கு முன் உப்புக்கப்பலில் வந்திறங்கி, எம்மூர்ப் பெண் மாலினை மணந்து, எம் மரத்தையும் மீனையும் தொலைதுறைகளில் விற்றுத் தந்து, எம் அடுப்புகள் அணையாது காத்தவன் அவன். நகரக்குடியாகப் பதியாதவன் இனி இங்கு வணிகம் செய்யலாகாது என்று புதுச்சட்டம் வந்தது. பதிவதற்கோ, முறையான மணத்தில் பிறந்தவன் என்று சான்றுரைக்கும் பிறப்போலை வேண்டும். பன்னீராண்டு உழைப்பைக் கண்டவர்க்கு ஓலை எதற்கு என்று என்னைக் கேளாதீர், அறிவுசால் நண்பரே; எம் பெரியவர்கள் அப்படித்தான்.

ஓலையும் வந்தது. கப்பலோட்டும் நண்பனொருவன் ஸ்காட்லாந்தில் எழுதுவித்துக் கொணர்ந்த அதில், தந்தைவழியும் தாய்வழியும் நான்கு தலைமுறைக் குறுநில மன்னர்கள் தம் தேவியரோடு வரிசையாக வீற்றிருந்தனர். அத்தனையும் பச்சைப் பொய். மன்றத்தார் பலர்க்கும் அது தெரியும். அவர்தம் ஓலைகளும் அவ்வாறு வந்தவையே. மறைநூலின் மேல் கை வைத்து, ‘இது மெய்’ என்றால் போதும்.

மன்றத்தலைவர் ஹோக்கன், மாலினின் சிறிய தந்தை, பொறுமையிழந்தார்.

“கைய வை மாப்பிள்ளை. வீட்ல பட்டாணிக் கஞ்சி ஆறிப்போவுது.”

கின்லாக் ஓலையை மீண்டும் ஒருமுறை படித்து, மேசைமேல் வைத்தான்.

“நாலு தலைமுறைப் பாட்டிமாருங்க இருக்காங்க, மாமா. எங்கம்மா மட்டும் இல்ல.”

பின்பு, குரலைத் தாழ்த்தாமலே, அவன் தன் பிறப்பை உரைத்தான். தாய் எல்ஸ்பெத் உப்பளத்தில் கூடை சுமந்தவள். மணமாகாமலே அவனைப் பெற்றுத் தனியே வளர்த்தவள். தந்தை யாரென்று அவள் சொன்னதுமில்லை, அவன் கேட்டதுமில்லை. ஹோக்கன் முன்குனிந்து, மெல்லப் பேசினார்.

“அந்தம்மா செத்துப் பத்து வருஷமாச்சு. வந்து உன்னக் கேக்கவா போறாங்க?”

“கேக்க மாட்டாங்க. அதனாலதான் நான் சொல்லணும்.”

பதிவு மறுக்கப்பட்டது. திங்கள் முடிவதற்குள் கடையை மூடுமாறு ஆணையும் பிறந்தது. அப்போது வாயிலில் நின்ற மாலின் உள்ளே வந்தாள்; நகரக்குடியாகவே பிறந்தவள், குடியேட்டிலிருந்து தன் பெயரை அடிக்கச் சொல்லி, கணவனோடு எதிர்க்கரைக்குப் போவதாக அறிவித்தாள்.

“பைத்தியமா உனக்கு? அந்தக் கரையில வெறும் பாறைதான் கெடக்கு,” என்றார் ஹோக்கன்.

“பாறையில கட்டுனா வீடு நல்லா நிக்கும், சித்தப்பா.”

எம் நாட்டு மரவீடுகளைக் கட்டைகட்டையாகப் பிரித்து வேறிடத்தில் கோக்கலாம். எல்லாரும் பார்த்து நிற்க, இருவரும் தம் வீட்டின் ஒவ்வொரு கட்டையிலும் குறி வெட்டிப் பிரித்து, தெப்பமாகப் பிணித்துக் கடல் கடத்தினர். நாங்கள் கைகட்டி நின்றோம். அந்த வெட்கம் இன்னும் எனக்குண்டு.

தந்தை பெயரையே தம் பெயரின் வாலாகக் கட்டித் திரியும் எம் மக்கள் காணுமாறு, அக்கரையில் கோத்த வீட்டின் நிலைமேல், ‘எல்ஸ்பெத்தின் மகன்’ என்று அவன் ஆழ வெட்டினான். வேனிலில் கப்பல்கள் அவனைத் தேடி அக்கரைக்கே திரும்பின. எம் துறையில் பாசி படர்ந்தது. கப்பலோட்டிகள் அவ்விடத்தை இன்றும் எல்ஸ்பெத் துறை என்றே அழைக்கின்றனர். உப்புக்கூடை சுமந்த அப்பெண் இக்கடலை ஒருநாளும் கண்டவள் அல்லள். ஓலையில் வீற்றிருந்த அக்குறுநில மன்னர் பெயரிலோ, எம் கரையில் ஒரு கல்லும் இல்லை.