பதினான்கு நாள் மாத்திரை

1

எனக்கு நெஞ்செரிச்சல் உண்டு. இந்தக் கதை அதிலிருந்துதான் வந்தது.

போன தையில், உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் என் மாத்திரைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் பள்ளிச் சீருடையில் ஒரு பெண். அவள் கேட்டதும் அதே மாத்திரைதான். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் அவளுக்கு ஓர் அட்டையை நீட்டினார். எனக்கும் நீட்டினார். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மீதி முழுக்க என் பயம்.

2

முதல் தொடக்கம்: "அமீர் ஹம்சா நல்லவர்." (அடித்துவிட்டேன். அப்படி ஆரம்பித்தால் கதை முழுக்க அவரைக் காப்பாற்றிக்கொண்டே ஓடவேண்டியிருக்கும்.)

இரண்டாவது: "எதுக்களிப்பு என்பது இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுவது. பிள்ளைகளுக்கும் அது..." (இதை யார் படிப்பார்கள்?)

மூன்றாவது இது.

அமீர் ஹம்சா உக்கடம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருபது வருடமாக மருந்துக்கடை நடத்துகிறார். ஆனி மாதத்தில் ஒருநாள், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார் மில் வைத்திருக்கும் ஆறுச்சாமி அவருக்கு வாட்ஸாப்பில் ஒரு மருத்துவச் சீட்டை அனுப்பினார். மகள் மானசாவுக்கு. பதினேழு வயது. கோவையில் விடுதியில் தங்கி பிளஸ் டூவும் நீட்டும் படிக்கிறாள். தினம் ஒன்று, காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், பதினான்கு நாள், பிறகு வந்து காட்டவும் என்றிருந்தது சீட்டில்.

பதினைந்தாம் நாள் மானசா டாக்டரிடம் போகவில்லை. கடைக்கு வந்தாள்.

"அதே மாத்திரை அங்கிள். நிறுத்துனா மறுபடி எரியுதுங்க."

கொடுத்தார். அதன்பிறகு ஊருக்கு பஸ் ஏறும் சனிக்கிழமைகளில் எல்லாம் வந்தாள். எல்லாச் சனிக்கிழமையும் கொடுத்தார்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இந்த மாத்திரையைத் தொடர்ந்து போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்குக் கொஞ்ச நாள் எரிச்சல் கூடும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஹம்சாவுக்கு இது தெரியும். அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.)

3

மானசாதான் எனக்குப் பிடிபடவில்லை. பரீட்சைக்கு நடுங்கும் பெண் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. பயத்தை வெளியே காட்டாத பெண் என்று வைத்துக்கொண்டேன். எதையும் வேடிக்கையாகச் சொல்லிவிடுவாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை வந்தாள்.

"ரெண்டு அட்டை குடுங்க அங்கிள். இப்ப சாயங்காலமும் ஒண்ணு போடறேன்."

"ரெண்டு வேளையா? யாரு கண்ணு சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. இட்லிகூட இங்கயே நின்னுக்குது." நெஞ்சின் நடுவில் விரலை வைத்தாள். "தண்ணி குடிச்சாத்தான் எறங்குது. எங்க மெஸ் இட்லி அப்படிங்க. எறிஞ்சா மண்டை ஒடையும்."

அவள் சிரித்தாள். எடுத்த அட்டையை ஹம்சா மறுபடி பெட்டிக்குள் வைத்தார். விழுங்கும்போது சிக்கினால் கடையில் வைத்துப் பேசக்கூடாது, டாக்டரிடம் அனுப்பவேண்டும். அதையும் அவர் அறிவார்.

"இனிமேல் நான் தரமாட்டேன். டாக்டர்கிட்ட போய்க் காட்டு."

அவள் சிரிப்பு போய்விட்டது. "அப்பாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றவள் பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

4

ஆறுச்சாமியின் எண் போனில்தான் இருந்தது. அழைத்தால் முதல் கேள்வியே, எட்டு மாதமாக யார் கொடுத்தது என்பதாக இருக்கும். கடை உரிமமே போகலாம்.

"நான்கு நாட்கள் கழித்து" என்று எழுதித் தாண்டிவிடப் பார்த்தேன். மனம் ஒப்பவில்லை. அந்த நான்கு நாளும் ஹம்சா சோற்றை விழுங்கும்போதெல்லாம் அது எந்த இடத்தில் இறங்குகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். "என்னங்க, தொண்டையில முள்ளா?" என்று மனைவி உஸ்மா கேட்டாள். மானசா வேறு கடையில் வாங்கியிருப்பாளோ என்று நினைத்தார். வாங்கியிருந்தால் தன் தலை தப்பியது என்றும் ஒரு கணம் நினைத்தார். அந்த நினைப்புதான் அவரை போனை எடுக்க வைத்தது.

ஆறுச்சாமி எல்லாவற்றையும் கேட்டார். பின்னால் மில் இரைந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க பாய், அத்தனை நாளும் நீங்களா குடுத்தீங்க?"

"நான்தானுங்க."

"ஊட்டுக்கு வந்தா மோருசோத்தைக் கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்துக்குது. பரீட்சைப் பயம்னு நானும் உட்டுட்டனுங்க." இரைச்சலைவிட்டு வெளியே வந்தார். "நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வரோணும். எத்தனைன்னு நீங்கதான் சொல்லோணும்."

5

மறுநாள், அந்தச் சீட்டை எழுதிய டாக்டர் சாமுவேல் கேட்டார்: "இந்த மாத்திரை எவ்வளவு நாளா போடறேம்மா? சாப்பாடு எங்கயாவது சிக்குதா?"

மானசா ஹம்சாவை ஒருமுறை பார்த்தாள்.

"அப்பப்ப ஒண்ணு சார். வேற வேற கடையில வாங்குவேன். சிக்கறதெல்லாம் இல்லைங்க."

அவரைக் காப்பாற்றுகிறாள். ஹம்சா சொல்லட்டும் என்று ஆறுச்சாமி தரையைப் பார்த்தபடி காத்திருந்தார்.

(முதல் பிரதியில் ஹம்சா பேசவில்லை. டாக்டர் அதே மாத்திரையை இன்னொரு மாதத்துக்கு எழுதினார். எல்லோரும் கும்பிட்டுவிட்டு வெளியே... அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

ஹம்சா எழுந்து நின்றார்.

"எட்டு மாசமுங்க டாக்டர். தினமும். இப்ப ரெண்டு வேளை. சீட்டில்லாம குடுத்தது நான்தான். இட்லி சிக்குதுன்னு பாப்பா எங்கிட்டயே சொல்லுச்சு."

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "உங்ககிட்ட அப்புறம் பேசறேன்" என்றார். பிறகு மானசாவிடம், "உள்ள ஒரு குழாயை விட்டுப் பாத்துரலாம்மா. பாக்காம மாத்திரையைக் கூட்டவும் மாட்டேன், நிறுத்தவும் மாட்டேன்."

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ. புண் மட்டும்தான். சரியான வேளையில் சரியான அளவு, கொஞ்ச வாரம். பிறகு படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறார்கள். மானசா பரீட்சை எழுதுகிறாள்.

ஆ. உணவுக்குழாய் ஓரிடத்தில் சுருங்கி...

இரண்டாவதை முடிக்க என்னால் ஆகவில்லை. முதலாவதை நம்பவும் ஆகவில்லை.

எழுத முடிந்தது இதுமட்டும்தான். பரிசோதனைக்கு உள்ளே அழைத்துப் போகும்போது மானசா ஹம்சாவின் முன் நின்றாள். "சொல்லிப்போட்டீங்கல்ல" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

ஒரு நாற்காலி இடைவெளி விட்டு ஆறுச்சாமியும் ஹம்சாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

"கடை தொறக்கோணும்னா போங்க பாய்."

"இருக்கறனுங்க."

அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் திறப்பதாக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் அவள் முகத்தைப் பாருங்கள். அறிக்கையை அப்புறம் படிக்கலாம்.