கண்ணாடிக்கடைக்காரர் தூக்கிய எடை

கண்ணாடிக்கடைக்காரருக்குக் கை என்று ஒன்று இருந்ததே மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முறுக்கத்தான். அதைவிடக் கனமான எதையும் அந்தக் கை தூக்கிப் பழகியதில்லை. அப்படிப்பட்டவர் ஐம்பதை நெருங்கும் வயதில் ஜிம்மில் போய்ச் சேர்ந்தார் என்றால் அழகுக்காகவா? மனைவிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வீட்டு அறைகளின் குறுகல் வாசலில் சக்கர நாற்காலி நுழையாது. கட்டிலிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து கட்டிலுக்கும் அவர்தான் தூக்கியாக வேண்டும். ஒருநாள் நடுவழியில் அவளைக் கீழே போட்டுவிட்டார்.

விஷயம் அவள் அண்ணன் காதுக்குப் போனது. அண்ணன் நல்ல மனிதர்தான். பேச்சு மட்டும் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

"மாப்ளே, தப்பா நினைக்காதீங்க. நல்ல ஹோம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், ஆள் போட்டுக் கவனிச்சுப்பாங்க. அடுத்த தடவை வரும்போது நீங்க தூக்கறதைப் பார்க்கறேன். பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

அண்ணன் படியிறங்கியதும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அங்க போனா நான் செத்துடுவேங்க."

மறுநாளே மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஜிம்முக்குப் போனார். அங்கே எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் பயிற்சியாளர், கதையைக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"முதல்ல முறையாத் தூக்கப் பழகணும் சார், எடையெல்லாம் அப்புறம். முதுகை வளைக்காதீங்க. முழங்காலை மடக்கி, கால் பலத்துல எழுந்திருங்க. ஒரு எடை சுலபமாயிடுச்சுன்னா இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாப் போதும். சதை இங்க வளராது, ஓய்வுலதான் வளரும். முக்கியமா நல்லாச் சாப்பிடுங்க. முட்டை, பால், பருப்பு."

இவ்வளவு சொன்னதில் நம்மவர் காதில் ஏறியது முட்டை மட்டும்தான். ஓய்வாவது ஒன்றாவது, மச்சான் எந்த நேரம் வந்து நிற்பாரோ! தினமும் போய் உடம்பைப் போட்டு அடித்தார்.

வீட்டில் அவள் தட்டு முட்டையும் அவர் தட்டுக்கு வந்தது. "எனக்கு அந்த வாடையே பிடிக்கலை, நீங்க சாப்பிடுங்க." மத்தியானச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டிலருகில் வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் வந்து பார்த்தால் தட்டு துடைத்து வைத்ததுபோல் இருக்கும். ஜன்னலில் வந்து உட்காரும் பூனை மட்டும் நாளுக்கு நாள் ஊதிக்கொண்டே போனது.

"ஜிம்முக்குப் போறது நீங்க, உடம்பு ஏறுறது அதுக்கு" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். மக்கு மனிதர்.

ஆனால் பலன் தெரியத்தான் செய்தது. முதலில் வாசல் நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கியவர், பிறகு நிற்காமலே போனார். "உன்னைத் தூக்கிக்கிட்டு ரெண்டு மாடி ஏறட்டுமா?" என்று வம்பு பேசும் அளவுக்கு வந்துவிட்டார். நடுவில் ஒரே ஒரு தொல்லை. அவள் மூக்குக்கண்ணாடி நழுவி நழுவி விழுந்தது. அவரும் காதுக்கம்பியை உள்பக்கம் வளைத்து வளைத்துக் கொடுத்தார். "ஃப்ரேம் சனியன் சரியில்லை" என்று திட்டிக்கொள்வார்.

ஒரு மத்தியானம் மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க சார். சேர்ந்தப்ப தூக்கின அதே எடையைத்தான் இன்னும் தூக்கறீங்க. அதுக்கே கை நடுங்குது. ஓய்வே குடுக்காட்டி உடம்பு எப்படித் தேறும்?"

"அதெப்படி? வீட்ல அவளைச் சுலபமாத் தூக்கறேனே!"

மாஸ்டர் தயங்கிக் கேட்டார்: "அவங்க எடை அப்படியே இருக்கா சார்?"

"என்ன பேச்சுப்பா இது" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தார். தெருமுனை வரைதான் அந்தக் கோபம் தாங்கியது. மூக்குக்கண்ணாடி நினைவுக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. வேறு யாராவது அப்படிக் கடைக்குத் திரும்பத் திரும்ப வந்திருந்தால், "முகம் இளைச்சுடுச்சு, உடம்பைப் பாருங்க" என்று ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். சொந்த மனைவிக்குக் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார். தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

கடைக்குப் போகாமல் வீட்டுக்கு ஓடினார். கதவைத் திறந்தபோது அவள் கட்டிலில் சாய்ந்தபடி, சோற்றை உருட்டி உருட்டிப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

அவள் மறைக்கவில்லை. "தூக்கறப்ப நீங்க பல்லைக் கடிக்கற சத்தம் என் காதுலதாங்க விழும். உங்களால ஏத்த முடியலை. என்னால இறக்க முடிஞ்சுது."

அவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே முட்டையைப் பிசைந்து ஊட்டினார். இரண்டு வாய் இறங்கியது. மூன்றாவது வாய்க்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது. டாக்டரிடம் போகலாம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணன் காதுக்குப் போயிடும். வந்துட்டுப் போகட்டும், அப்புறம் எங்க வேணும்னாலும் வரேன்."

அடுத்த நாளே அண்ணன் வந்துவிட்டார். அவள் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுப் போர்வையும் சுற்றிக்கொண்டாள்.

"இளைச்சுட்டியேம்மா?"

"படுத்தே கிடந்தா இளைக்காம என்னண்ணா?"

கண்ணாடிக்கடைக்காரர் முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, அவளைத் தூக்கினார். வாசல் நிலையைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நின்றார்.

"அடடே, அசத்திட்டீங்க மாப்ளே! மூச்சுகூட வாங்கலையே! இனிமே ஹோம் பேச்சே கிடையாது." அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாச் சாப்பிடறியாம்மா?"

"ஒரு கட்டு கட்டறேண்ணா."

உண்மையைச் சொல்லிவிடக் கண்ணாடிக்கடைக்காரர் வாயெடுத்தார். சொன்னால் ஹோம். சொல்லாவிட்டால், இதோ, கையில் இருக்கிறாள். பின்கழுத்தைச் சுற்றியிருந்த அவள் விரல்கள் அழுத்தின. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"போதும் மாப்ளே, இறக்குங்க, கை வலிக்கப்போவுது."

அவர் இறக்கவில்லை. கை வலிக்கட்டும், ஒரு தடவையாவது வலிக்கட்டும் என்று அப்படியே நின்றார். வலிக்கவே இல்லை.