பேழையில் ஏறாத பன்னிரண்டு ஆடுகள்

என் வீட்டுக்காரர் லியோனார்ட் முப்பத்தொரு வருடமாக என்னோடு கோயிலுக்கு வந்துகொண்டிருந்தார். ஆனால் கோயிலுக்குள் வந்ததில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஈப்போவில் சிலிபின் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து காரை எடுத்து, கோப்பெங் தாண்டி, பழைய ரப்பர்த் தோட்டத்தில் இன்னும் மிச்சமிருக்கும் எங்கள் சின்ன தேவாலயத்தின் வாசலில் என்னை இறக்கிவிடுவார். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய்க்குப் போடும் செம்பனை வந்துவிட்டது, தோட்டத்து ஜனங்களும் ஊர் ஊராகப் போய்விட்டார்கள், கோயில் மட்டும் இருக்கிறது. என்னை இறக்கிவிட்டு, ஜன்னலை ஒட்டி நிற்கும் ரம்புத்தான் மரத்தடியில் வண்டியை நிறுத்தி, சீட்டைச் சாய்த்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேப்பர் படிப்பார். ஆராதனை முடிந்ததும் யாராவது ஒரு தட்டில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லியனுப்புவார்.

நான் சண்டை போட்டும் பார்த்துவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். அவர் நம்ப வேண்டும் என்று கேட்பதை விட்டே வெகுகாலம் ஆகிறது. அது அவர் பாடு, ஆண்டவர் பாடு. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து உட்கார வேண்டும். அந்த இடத்தில் முப்பத்தொரு வருடமாக என் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

இதில் பாதிக் குற்றம் என்னுடையது. அவர் அப்போது லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். வழித்துணையாக இருக்கட்டும் என்று ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு பைபிளை வைத்தேன். சும்மா இருக்கும் என்று நினைத்துத்தான் வைத்தேன். இந்த மனுஷன் சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரத்திலெல்லாம் அதை எடுத்துப் படித்திருக்கிறார். அதுவும் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக, கையில் பென்சிலோடு. யாராவது அப்படிப் படிப்பார்களா? நாங்களெல்லாம் சங்கீதத்தில் கொஞ்சம், சுவிசேஷத்தில் கொஞ்சம் என்று தெரிந்த இடமாகப் பார்த்துப் போவோம். இவர் வம்ச அட்டவணையைக்கூட விடவில்லை.

முதலில் மாட்டிக்கொண்டவர் நோவா. வெள்ளத்துக்குத் தப்ப அவர் கட்டிய பேழை, அந்தப் பெரிய கப்பல், எத்தனை முழம், எத்தனை மிருகம், ஒரு வருடத் தீவனம் எங்கே வைத்தார்கள், சாணியை யார் அள்ளினார்கள் என்று வீட்டு ஜெபக்கூட்டத்தில் கேட்டார். வம்புக்குக் கேட்கவில்லை, லோரிக்காரர் கணக்கில் கேட்டார். அப்போதிருந்த உபதேசியாருக்குக் கோபம் வந்துவிட்டது. கேள்வி கேட்கிறவர்கள் வெளியே உட்கார்ந்து கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அடுத்த ஆராதனைக்கு இவர் வெளியே உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்த உபதேசியார் மாற்றலாகிப் போய், அதன்பின் வந்த நாலைந்து பேரும் கார் வரைக்கும் வந்து அன்பாகக் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: "நான் நம்பலைங்க. நம்பாம உள்ள வந்து உக்காந்தா அது உங்களுக்கும் மரியாத இல்ல, எனக்கும் மரியாத இல்ல."

வீட்டில் தினமும் தேநீர் குடிக்கும்போது எங்களுக்குள் வழக்கு நடக்கும். நான் அற்புதம் என்பேன், அவர் அளவு என்ன என்பார். நான் அவரை, இயேசு உயிர்த்ததை நம்பாத சந்தேகத் தோமா என்பேன். தோமாவுக்காவது ஆணிக் காயம் பட்ட கையைக் காட்டினார்கள் என்பார். பிறகு இரண்டு பேரும் ஒரே டின்னில் கையை விட்டு பிஸ்கட் எடுப்போம்.

போன வருடம் அறுப்பின் பண்டிகைக்கு வருகிறேன். அன்றைக்கு எங்கள் கோயிலில் வேத வினாவிடைப் போட்டி நடக்கும். ஈப்போ பக்கம் போய்விட்டவர்கள் ஒரு அணி, தோட்டத்துப் பக்கமே தங்கிவிட்டவர்கள் ஒரு அணி. ஈப்போ அணியில் நானும் பேத்தி வலேரியும். தோட்டத்து அணிக்கு சீனி தலைவர், கோப்பெங்கில் டயர்க் கடை வைத்திருக்கிறவர். ஆறு வருடமாக வெற்றிக் கேடயம் அவர் கடைச் சுவரில்தான் தொங்கியது. டயர் மாற்றப் போகும்போதெல்லாம் அதைத் துடைத்துக் காட்டுவார்.

பதில் தெரிந்தவர் முதலில் மணியடிக்க வேண்டும். மணி என்றால், அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு, வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவதற்கு, ஆள் சேர்க்க அடித்த தண்டவாளத் துண்டு. அதைப் பலகணியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். சரியான பதிலுக்கு ஒரு புள்ளி, தப்பாகச் சொன்னால் அந்தப் புள்ளி எதிரணிக்கு. கேள்வி கேட்கிறவள் புனிதா, இப்போது கோயிலை நடத்துகிறவள். பத்தொன்பது கேள்வி முடிந்தது, இரண்டு பக்கமும் சமம். வெளியே ஆட்டுக்கறி வேகிற வாசனை உள்ளே வந்துகொண்டிருந்தது.

கடைசிக் கேள்வியைப் புனிதா கேட்டாள். நோவா பேழைக்குள் எத்தனை சோடி ஆடு ஏற்றினார்?

எங்கள் கோயிலுக்கு வந்திருந்தால் உங்களுக்கும் பதில் தெரிந்திருக்கும். வலது பக்கச் சுவர் முழுக்கப் பேழைதான். அப்பாவு அண்ணன் ரப்பர்ப் பால்மரம் சீவிய காலத்தில், துரை பங்களாவுக்கு அடித்து மிச்சமான பெயின்ட்டை வாங்கி வந்து வரைந்தது. யானை இரண்டு, புலி இரண்டு, காட்டோரம் எப்போதாவது வருகிற தாப்பிர் இரண்டு, தாடியோடு ஒரு கிடாயும் பக்கத்தில் ஒரு பெட்டையும். நாங்களெல்லாம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் வேதம் படித்தோம். கேள்வி எழுதும்போது புனிதாவும் அந்தச் சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாளாம்.

நான் ஓடிப்போய்த் தண்டவாளத்தை அடித்தேன். ஒரு சோடி என்றேன். சரி என்றாள் புனிதா. வலேரி என்னைக் கட்டிக்கொண்டாள். சீனி கொண்டுவந்திருந்த கேடயத்தை எடுத்துக் கடைசியாக ஒருமுறை துடைத்தார்.

அப்போது வெளியே ஹார்ன் அடித்தது. யாருடைய வண்டிக்கோ வழி மறித்திருக்கிறது என்று நினைத்தோம். மறுபடி நீளமாக அடித்தது. பிறகு கார்க் கதவு சாத்துகிற சத்தம். அடுத்த நிமிடம் இவர் விறுவிறு என்று வந்து புனிதாவின் மேசை முன்னால் நிற்கிறார். மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது.

"புனிதா, அந்த வெட தப்பு லா."

"இல்லண்ணே. ஒரு சோடின்னுதான் எழுதி வச்சிருக்கேன்."

"நீ எழுதி வச்சிருக்க. புக்குல அப்படி இல்லம்மா. ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்துல எல்லாத்துலயும் ஒரு சோடின்னு இருக்கு. ஏழாம் அதிகாரத்துல சுத்தமான மிருகம்னா ஏழு சோடி. ஆடு சுத்தமான மிருகம். பதினாலு ஆடு."

வலேரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தாத்தா, நம்ம ஜெயிச்சிட்டோம். சும்மா இருங்க லா."

"ஜெயிக்கலாம்மா. அதுல இல்லாததச் சொல்லி ஜெயிக்கக்கூடாது."

சீனிக்கு ஒரே சந்தோஷம், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நம்பாதவருக்கு இதுல என்னண்ணே கவல?"

"நம்பலதான். அதுக்காக எழுதியிருக்கிறத மாத்திச் சொல்லலாமா?"

புனிதா பைபிளைப் புரட்டி, உதடு அசைய வாசித்தாள். இன்னொரு தரமும் வாசித்தாள். பிறகு என்னைப் பார்த்து, மன்னிச்சிருங்கக்கா என்றாள். புள்ளி சீனி பக்கம் போனது. ஏழாவது வருடமாகக் கேடயமும் போனது.

எனக்குக் கேடயம் பெரிதாகப் படவில்லை. நான் இவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கோயிலில் செருப்பைப் படிக்கட்டோரம் விட்டுவிட்டுத்தான் வருவோம். இவர் ரப்பர்ச் செருப்போடு நட்ட நடுவில் நிற்கிறார். எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. குனிந்து காலைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி வாசலைப் பார்த்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம்.

அப்பாவு அண்ணனுக்கு எண்பத்து மூன்று வயது. தன் சுவரடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், கைத்தடியால் தரையை ஒரு தட்டு தட்டினார்.

"தம்பி, எத்தன ஆடு கொறையுது?"

இவர் சுவரைப் பார்த்தார். "பன்னெண்டுண்ணே."

"கொற சொன்னது நீ. எனக்குக் கை நடுங்குது. யாரு வரையறது?"

"பேழையில எடம் இல்லண்ணே. அதத்தானே முப்பத்தோரு வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன்."

கோயில் முழுக்கச் சிரித்தது. அப்பாவு அண்ணன் சிரிக்கவில்லை. "எடத்த நான் காட்றேன். நீ வந்து ஏத்து. லோரிக்காரன்தானே."

இவர் வெளியே நடந்தார். நான் செய்தது ஒன்றுதான். பெஞ்சிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

படிக்கட்டில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வெறுங்காலோடு திரும்பி வந்து, மூன்றாவது பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார், "என்ன பெஞ்சு லா இது. முப்பது வருசமா இதுலயா உக்காந்த? முதுகு ஒடிஞ்சிரும்."

அன்றைக்கு அவர் ஆட்டுக்கறியை எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டார். சீனி அவர் தட்டில் இரண்டு நல்லி எலும்பு கூடுதலாக வைத்தார்.

மனம் மாறிவிட்டாரா என்று கேட்காதீர்கள். மாறவில்லை. பாட்டுக்கு எழுந்து நிற்பார், வாய் திறக்க மாட்டார். ஆறாம் அதிகாரம் பொதுவான கட்டளை, ஏழாம் அதிகாரம் அதன் விவரம் என்பாள் புனிதா. இரண்டு பேர் சொன்ன இரண்டு கதையை யாரோ சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பார் இவர். ஆராதனை முடிந்ததும் தொடங்குவார்கள், சோறு ஆறிப்போகும். இப்போதெல்லாம் நான்தான் காரில் போய் உட்கார்ந்து காத்திருக்கிறேன்.

சனிக்கிழமை தோறும் பெயின்ட் டப்பாவோடு போய்விடுகிறார். அப்பாவு அண்ணன் கைத்தடியால் இடம் காட்டுவார், இவர் ஆடு ஏற்றுவார். ஒன்று கூரையில், ஒன்று யானைக்கு அடியில், ஒன்று ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு. முதலில் வரைந்தவை நாய் மாதிரி இருந்தன, போகப் போக ஆடாகிவிட்டன. செம்மறியும் மாடும் மானும்கூடச் சுத்தமான மிருகம்தானே என்று அப்பாவு அண்ணன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த அறுப்பின் பண்டிகை வரைக்கும் வேலை இருக்கிறது.

பன்னிரண்டாவது ஆட்டைப் போன வாரம் முடித்தார். அது பேழைக்கு ஏறுகிற பலகையில் ஒரு காலை வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி ரம்புத்தான் மரப் பக்கம் பார்க்கிறது. அது ஏறப்போகிறதா, இறங்கி ஓடப்போகிறதா என்று கேட்டேன்.

தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அதப் பத்திப் புக்குல ஒண்ணும் எழுதலம்மா."