குன்வோர் காய்ச்சிய கருமாதி பீர்

குன்வோர் முதன்முதலாக ஒழுங்காகக் காய்ச்சிய பீர், மறுநாள் காலையில் அவள் புருஷனின் குறட்டையை விடத் தொடங்கியது. அந்த வருஷம் நார்வேயின் மேற்குக் கரையில் உருளைக்கிழங்கு நன்றாக விளைந்திருந்தது, கம்பளி விலை இறங்கியிருந்தது. புருஷன் ஹல்வார் இலையுதிர் காலத் தொடக்கத்தில் வலை எடுக்கப் போனவன். படகு மட்டும் கவிழ்ந்தபடி கடற்கழியின் எதிர்க்கரையில் ஒதுங்கியது.

அவர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கில், உடல் கிடைக்காதவனுக்காகக் காய்ச்சிய பீரை ஊர் கூடிக் குடித்து முடிக்கும்வரை அவன் செத்தவனாக மாட்டான். தேவாலயத்தில் மணி அடிக்காது. மேசையிலிருந்து அவன் தட்டை எடுக்கக் கூடாது. அவன் மனைவியை விதவை என்று கூப்பிடவும் வாய் வராது, மனைவி என்று கூப்பிடவும் வாய் வராது. மாமியார் பெர்கித் அந்தத் தட்டில் தினமும் கஞ்சி ஊற்றி வைத்தாள், ஆறியதும் எடுத்துப்போய் நாய்க்கு ஊற்றினாள். "வரேன்னு சொல்லிட்டுத்தானே போனான்" என்பாள், வேறெதுவும் பேச மாட்டாள். குன்வோர் அந்தத் தட்டுக்கு எதிரே உட்காராமல் அடுப்படியில் நின்றே சாப்பிட்டாள். முதல் பனி விழுந்தபோது, பீர் காய்ச்சிவிடுவது என்று முடிவு செய்தாள்.

எப்படிக் காய்ச்சுவது என்றுதான் தெரியவில்லை. அது ஹல்வாரின் வேலை. பீர் காய்ச்சும் நிலவறைக்குள் அவன் யாரையும் விட்டதில்லை. பக்கத்துப் பண்ணை ஓட்முனிடம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். "ஜூனிப்பர் செடிக் கொப்பைத் தண்ணியில போட்டு நல்லாக் கொதிக்க வை. அந்தத் தண்ணியிலதான் முளைகட்டின வாற்கோதுமையை ஊற வைக்கணும். வடிகட்டறதும் அந்தக் கொப்பு மேலேயேதான். சாறு கறந்த பால் சூட்டுக்கு ஆறினதும் ஈஸ்டைப் போடு. போடும்போது தொட்டிக்குள்ள தலையை விட்டுக் கத்தணும்மா, அதை மறந்துடாதே."

"எதுக்குண்ணே கத்தணும்?"

"கத்தலேன்னா பீர் தூங்கிடும். எங்க அப்பா காலத்துலேர்ந்து கத்திக்கிட்டுத்தான் இருக்கோம்."

குன்வோர் சத்தம் போட்டே பேசாதவள். கடையில் வாங்கிய ஈஸ்டைத் தூவிவிட்டு, யாருக்கும் கேட்காமல் ஏதோ முணுமுணுத்தாள். சாறு நுரைக்கவே இல்லை. புளித்துப்போனதைப் பன்றிகளுக்கு ஊற்றினாள். அவையும் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. இரண்டாம் தடவை, ஹல்வார் சுவரில் மாட்டி வைத்திருந்த மரவளையத்தை எடுத்தாள். போன கிறிஸ்துமஸ் பீரின் ஈஸ்டை அவன் அதில் பூசிக் காயவைத்திருந்தான். அதை அப்படியே சாற்றுக்குள் இறக்கி, தொட்டிக்குள் குனிந்து வாயைத் திறந்தாள். சாப்பாட்டுக்கு ஆளைக் கூப்பிடுவதுபோல, "ஹல்வார்!" என்று ஒரு கத்தல். மாடுகள்கூட ஒரு கணம் அசைபோடுவதை நிறுத்தின.

காலையில் நுரை தொட்டியின் விளிம்புவரை ஏறியிருந்தது. மூச்சு உள்ளே இழுக்கும்போது நுரை தாழ்ந்தது, விடும்போது உயர்ந்தது, நடுவில் ஒரு சின்ன விசில். ஓட்முன் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டான். "அவனேதான். மீன்பிடிக் குடிசையில இவன் பக்கத்துல படுத்து நான் கண்ணை மூடினதே இல்ல."

அதற்குள் பெர்கித் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அத்தை, ஊருக்குச் சொல்லி அனுப்பணும். பீர் ரெடியாகப் போகுது."

"என் புள்ள தூங்குறான். நீ அவனுக்குக் கருமாதி வைக்கப் பாக்குறியா?"

மறுநாள் மூச்சு மெலிந்தது. இனிப்பெல்லாம் தீர்ந்துவிட்டால் எந்தப் பீரும் அடங்கித்தான் போகும். பெர்கித் புதிதாக வாற்கோதுமை ஊறவைத்து, சாறு இறக்கி, தொட்டியில் ஊற்றினாள். குறட்டை திரும்பவும் கனத்தது. குளிர்காலம் முழுக்க அப்படியே ஓடியது. தொட்டி நிரம்பி வழியவே இல்லை. ஊற்றியதெல்லாம் எங்கே போனதென்று யாரும் கேட்கவும் இல்லை. மூட்டைகள் காலியாயின. விதைக்கு எடுத்து வைத்ததில் பெர்கித் கை வைத்த அன்று, குன்வோர் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, வசந்தத்துல எதை விதைக்கிறது?" கிழவி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். குன்வோரும் முழு பலத்தோடு பிடிக்கவில்லை. மாடுகளுக்குத் தீனி வைத்துவிட்டு அவளும்தான் தினமும் படியில் உட்கார்ந்து அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பனி உருகும் பருவத்தில் சத்தம் மாறியது. குறட்டை நின்று, இருமலாயிற்று. தண்ணீர் புரையேறியவன் இருமுவதுபோல, மூச்சு கிடைக்காமல் திணறித் திணறி. ஊற்ற ஊற்ற அதிகமாயிற்று. நிலவறைக் கல்சுவர்களில் ஈரம் இறங்கியது. கடற்பாசி வாடை மேலே படுக்கையறைவரை வந்தது. பெர்கித் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்னடா கண்ணு? என்ன பண்ணுது?" என்று கேட்டாள். பதிலுக்கு நுரை பொங்கி அவள் கையில் வழிந்தது. அவள் அதை நக்கிப் பார்த்தாள்.

"உப்புக் கரிக்குது" என்றாள். "கடல் தண்ணிடி."

குன்வோர் பக்கத்தில் வந்து நின்றாள். உள்ளே மறுபடியும் இருமல்.

"இத்தனை நாளா நாந்தான் இவனை மேலயும் வரவிடாம, கீழயும் போகவிடாம வெச்சிருக்கேன்." கிழவி கையிலிருந்த சாறு வாளியைத் தரையில் கவிழ்த்தாள். "போ. ஊரைக் கூப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை ஊர் வந்தது. முதல் கிண்ணத்தைப் பெர்கித்தே மொண்டாள், நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவ்வளவு உப்பாக ஒரு பீரை அங்கே யாரும் குடித்ததில்லை. ஆனாலும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாதிரியார் இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டார். தொட்டி இறங்க இறங்க இருமல் தணிந்தது, பிறகு களைத்துப்போனவனின் நீண்ட மூச்சானது. அடிமண்டி தெரிந்தபோது அதுவும் நின்றது. பின்மதியம் மணி அடித்தார்கள். பெர்கித் தட்டைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். அந்த வருஷத்துக்கான விதையை ஓட்முன் கொடுத்தான்.

அடிமண்டியைக் குன்வோர் வளையத்தில் பூசிக் காயவைத்தாள், அந்த வீட்டில் வேறு எந்த ஈஸ்டும் பொங்குவதில்லை என்பதால். அதன் பிறகு அவள் காய்ச்சிய ஒவ்வொரு பீரும் இரண்டு நாள் குறட்டை விட்டது, பிறகு தானாக அடங்கியது. யாரும் அதற்குக் கூடுதலாக ஒரு சொட்டும் ஊற்றவில்லை. பெர்கித் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கான பீரையும் அந்த ஈஸ்டில்தான் காய்ச்சினார்கள். பள்ளத்தாக்குக்குச் சாலை வந்தது. பாலம் கட்ட வந்த ஷூர் என்ற தச்சன் குன்வோரைப் பெண் கேட்டான்.

"உன் பழைய வீட்டுக்காரர் கீழே தூங்குறார்னு ஊர்ல சொன்னாங்க" என்றான்.

"பீர் போட்ட ரெண்டு நாள் மட்டும்தான். அந்த ரெண்டு நாளும் நான் கீழேதான் படுப்பேன்."

ஷூர் தாடியைச் சொறிந்து யோசித்தான். "என் குறட்டை இன்னும் பெருசு. உனக்குப் பரவாயில்லையா?"

அவள் சிரித்ததை ஓட்முன் தன் வேலிக்கு அப்பாலிருந்து கேட்டதாகச் சொல்வான். கல்யாணத்துக்குப் பிறகு மெத்தையைக் கீழே சுமந்து கொண்டுபோவது ஷூரின் வேலையாயிற்று. குன்வோருக்கு முதுகு வளையாமல் போன வயதில், தொட்டிக்குள் குனிந்து "ஹல்வார்!" என்று கத்துவதும் அவன் வேலையானது. கிறிஸ்துமஸ் பீர் போட்ட நாட்களில் அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, மரப்படி அதிராமல் ஏறுவார்கள்.