வால் நிற்காத விண்கலம் குறித்து ஒரு புகார்

1

இந்தக் கதை ஒரு புகாராகப் பிறந்தது. இணையக் கடைகளில் 'உங்கள் கருத்தைப் பதியுங்கள்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதற்குள் அடங்க வேண்டிய சமாச்சாரம். ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டு, ஏமாந்துவிட்டோம், யாரும் வாங்காதீர்கள் என்று நாலு வரி தட்டியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். எழுதச் சொன்னவர் என் கணவர். "பக்கம் பக்கமா எழுதுறியே, உருப்படியா இத எழுது" என்றார். கதை எழுதுகிறவளுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை அவ்வளவுதான்.

நாலு வரியில் நிற்கவில்லை. இதற்கு மேல் எழுத இடமில்லை என்று அந்தக் கட்டம் சிவந்துபோய் எச்சரித்தது. மிச்சத்தை இங்கே கொண்டுவந்துவிட்டேன். முதலில் எழுதிய தொடக்கம் இது:

'மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு, தங்கள் விண்கலத்தின் வால் நிற்பதில்லை. அதற்காக—'

அதற்காக என்ன? பணத்தைத் திருப்பிக் கேட்பதா, மன்னிப்புக் கேட்கச் சொல்வதா? தெரியவில்லை. வாக்கியத்தை அப்படியே தொங்கவிட்டிருக்கிறேன். பிறகு வந்து பார்த்துக்கொள்கிறேன்.

2

பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஏழு பாகம் வந்தும் முடியாத ஒரு விண்வெளிப் படம் இருக்கிறது. அதில் நாயகன் ஓட்டுகிற கலத்தை, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்திச் செருகி நாமே கட்ட வேண்டும். பெட்டி தலையணை அளவு. உள்ளே இருந்ததோ இரண்டு கைப்பிடி கட்டைகள். படத்தில் பொன்னிறமாக ஜொலிக்கும் கலம் இங்கே சாம்பல் நிறம். பொன்னிறத்துக்கு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். நாயகி கிடையாது. அவள் வேண்டுமென்றால் வேறொரு செட் வாங்க வேண்டுமாம். கலத்தின் வாலோ ஒரே ஒரு மெல்லிய குச்சியை நம்பி இருந்தது. கலத்தைத் தூக்கினால் வால் கீழே கிடக்கும். விலையைச் சொல்லமாட்டேன். ஒரு வீட்டில் வயிறெரிந்தது போதும்.

வாங்கி வந்தவர் என் நாத்தனார், அதாவது கணவரின் அக்கா. தாராள மனசு, விளம்பரத்தில் வருவதையெல்லாம் நம்புகிற மனசும்கூட. தம்பி கை சரியில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடக்கிறானே, பொழுது போகட்டும் என்று வாங்கிவிட்டார். திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாதபடி பெட்டியை அவரே ஆசை ஆசையாகக் கிழித்துத் திறந்தார்.

(இந்த இடத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். பொம்மை, பிறந்தநாள், ஏமாற்றம், கண்ணீர். நீங்கள் உருகியிருப்பீர்கள். ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். ஆனால் அப்படியொரு குழந்தை எங்கள் வீட்டில் இல்லை. இருந்தது ஐம்பது வயதைத் தாண்டிய முடிதிருத்துபவர் ஒருவர். அவர் அழுகிற ரகமும் இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

3

என் கணவருக்குச் சொந்தமாக ஒரு சலூன் உண்டு. பெரிய கண்ணாடி, அதன் முன்னால் ஒற்றை நாற்காலி. ஒரு மாலை கடையைக் கழுவும்போது ஈரத் தரையில் கிடந்த முடிமேல் கால் வைத்து வழுக்கினார். வலது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கட்டைவிரல் எந்த விரலையும் போய்த் தொட மறுத்தது. கத்தரிக்கோலில் மற்ற விரல்களெல்லாம் சும்மா பிடித்துக்கொண்டிருப்பவைதான். அசைந்து வெட்டுவது கட்டைவிரல்.

பிசியோதெரபிஸ்ட் பிசைந்து பழக ஒரு மெத்தென்ற உருண்டை கொடுத்தார். இவர் அதை இரண்டு நாள் பிசைந்துவிட்டு, தான் என்ன சின்னப் பிள்ளையா என்று அலமாரிமேல் தூக்கிப்போட்டார். அது அங்கேயே காய்ந்து கல்லானது. கையைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார். கடையைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவார். ஒருநாள் துணி மடித்து வைக்கும்போது, அலமாரியின் அடித்தட்டில் அவருடைய கத்தரிக்கோலைப் பார்த்தேன். துண்டில் சுற்றி, அதன்மேல் இன்னொரு துண்டும் சுற்றி, பழைய துணிகளுக்கு அடியில் திணித்திருந்தார்.

இந்தப் பாத்திரத்தை எப்படி எழுதுவது என்று திணறினேன். 'அவர் மௌனத்தில் ஆயிரம்—' என்று ஆரம்பித்து எனக்கே கூச்சமாகி விட்டுவிட்டேன். நேராகவே சொல்கிறேன். எனக்குப் பயமாக இருந்தது. இவர் இனிமேல் முடி வெட்டாமல் போய்விடுவாரோ, வெட்டாவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவாரோ என்கிற பயம். இந்தக் கதை அதைப் பற்றியது. பொம்மை அப்புறம்தான்.

4

பெட்டியைத் திறந்ததும் அவர் கலத்தைப் பார்க்கவில்லை, நாயகனைப் பார்த்தார். சுண்டுவிரலில் பாதி உயரம் இருக்கும் பொம்மை. அதன் தலைமுடி தனி உருப்படி, தொப்பி மாதிரி கழற்றி மாட்டலாம். பெட்டியில் அச்சடித்த நாயகனுக்கு இடது பக்கம் வகிடு. பொம்மைக்கு வலது பக்கம்.

"வகிட்டையே மாத்திட்டான். இவ்வளவு காசு வாங்குறவன் தலைய ஒழுங்கா பாக்க வேணாமா?"

கை முறிந்த பிறகு அவர் உயிர்ப்போடு பேசிய முதல் பேச்சு அது. கூடவே, புகார் எழுதச் சொல்லி எனக்கு உத்தரவும் வந்தது. வேலையைத் தட்டிக்கழிக்க, ஆதாரம் இல்லாமல் புகார் எடுபடாது என்று சொல்லிவைத்தேன். ஆதாரத்துக்காகக் கட்டத் தொடங்கினார். ஆசையாகக் கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் திட்டுவதற்காகவே கட்டினார்.

இடது கை மட்டும் போதவில்லை. ஒரு கை பிடித்துக்கொள்ள, இன்னொரு கை அழுத்த வேண்டும். வேறு வழியில்லாமல் வலது கையைக் கூப்பிட்டார். முதலில் விரல்முட்டியால் குத்தினார். அப்புறம் உள்ளங்கையால் அமுக்கினார். அப்புறம் விரல் நுனிகள் மெதுவாக வேலைக்கு வந்தன. கட்டி முடித்துத் தூக்கினால் வால் விழுந்தது. எழுதிக்கொள் என்றார். மறுபடி மாட்டினார், மறுபடி விழுந்தது. அக்கா வந்தால் அவருக்கும் காட்ட வேண்டும், பக்கத்து வீட்டாருக்கும் காட்ட வேண்டும், பார்சல் கொண்டுவந்தவரைக்கூட நிற்கவைத்துக் காட்டினார். காட்டுவதென்றால் முதலில் வாலை மாட்டியாக வேண்டுமே.

(அடிக்குறிப்பாகப் போட நினைத்தது: இதுவரை எழுதியதை பிசியோதெரபிஸ்டிடம் காட்டினேன். படித்துவிட்டு, பொம்மை வைத்தியம் பார்த்தது என்று எழுதி ஊரைக் கெடுக்காதீர்கள் என்றார். கையைத் தேற்றியது காலமும் பயிற்சியும்தானாம். எந்தப் பயிற்சி என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.)

5

தன் பரிசைத் தம்பி தினம் கரித்துக்கொட்டுவதில் நாத்தனாருக்கு மனசு கஷ்டம். ஒருநாள் காலையில் வந்தவர், நாயகன் பொம்மையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "அழகாத்தானடா இருக்கு" என்றார்.

இவர் வெடுக்கென்று பொம்மையை வாங்கினார். இடது கையில் உடம்பைப் பிடித்துக்கொண்டார். வலது கையின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அந்தக் கடுகளவு தலைமுடியின் இரண்டு பக்கமும் போய்ப் பற்றின. பற்றி, கழற்றி, அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டின.

"நல்லா பாரு. வகிடு எந்தப் பக்கம் இருக்கு?"

வகிட்டை நாங்கள் பார்க்கவில்லை. இரண்டு விரல்களையும் பார்த்தோம். என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை, வகிட்டிலேயே இருந்தார். நாத்தனார் என்னைப் பார்த்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாடா, தப்பாத்தான் வெச்சிருக்கான்" என்றார்.

"அதுக்கு எதுக்குக்கா அழுற? அதான் புகார் குடுக்கப்போறோம்ல."

6

முடிவுக்கு வர வேண்டும். சில முடிவுகளை எழுதி வைத்திருக்கிறேன்.

நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, உறுதியான புது வால் ஒன்றை அனுப்புகிறது. (புகாரே இன்னும் போகவில்லை. போனாலும் அனுப்பமாட்டார்கள்.)

கை பழையபடி ஆகிவிடுகிறது. சலூன் வாசலில் கூட்டம் தெருமுனைவரை— (ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கட்டு இன்னும் குளிரில் பிடித்துக்கொள்கிறது. பொய் சொல்ல மனம் வரவில்லை.)

வாலைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறோம். (அவர் கேட்டார். நான் பசையை எங்கோ வைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.)

தொங்கவிட்ட வாக்கியத்தை மட்டும் முடித்துவிட்டேன். 'தங்கள் விண்கலத்தின் வால் நிற்பதில்லை. அதற்காக நன்றி.' உறுதியாகச் செய்திருந்தால் ஒரே நாளில் கட்டி அலமாரிமேல் அந்தக் கல்லான உருண்டைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, வாலுக்கு ஒரு குச்சி போதும் என்று முடிவெடுத்த முகம் தெரியாத மனிதரே, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். வகிட்டை மாற்றி வைத்தவரே, நீங்களும். என் நாத்தனாரே, நீங்கள் இன்னும் நூறு விளம்பரத்தை நம்ப வேண்டும்.

நட்சத்திரத்தை மட்டும் ஒன்றுக்கு மேல் ஏற்றவில்லை. பொருள் மட்டம்தான். அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

7

இதைச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று காலை அவர் இரண்டு துண்டையும் பிரித்துக் கத்தரிக்கோலை வெளியே எடுத்தார். துடைத்தார், எண்ணெய் விட்டார். கடையைத் திறக்கும் முன் ஒரு தலையில் பார்த்துவிட வேண்டும், பொம்மைத் தலை போதாது என்றார். என் தலையைக் கொடுத்தேன். கழுத்தைச் சுற்றிப் போர்வை, அதற்கு வெளியே நீட்டிய கையில் பேனா, முழங்காலில் நோட்டு. கண்ணாடி கூடத்தில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் இங்கே உட்காரவைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

பின்னால் நிற்கிறார். தண்ணீர் தெளித்துச் சீவினார். சீப்பு காதோரம் வந்து நின்றது. கை நடுங்குகிறதா என்று எனக்குத் தெரிய வழியி—

"தலையக் குனியாத."

நிமிர்ந்தேன். கத்தரி ஒருமுறை சத்தம் போட்டது. நின்றது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது, அது என்னுடையதா அவருடையதா என்று சொல்லத் தெரிய—

"நிமிந்து உக்காரும்மா. எழுதுனது போதும்."

நிமிர்ந்தால் எனக்குப் பக்கம் தெரியாது. ஆகவே இங்கே நிறுத்த வேண்டியிருக்கிறது. என் முன்னால் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா? வகிடு இடது பக்கம்தானே? கோணலாக இருந்தால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், கண்ணைக் காட்டுங்கள், நான் புரிந்துகொள்வேன். முடிதானே, வளர்ந்துவிடும்.

அப்படியே என் தலைக்கு மேலே அவர் முகத்தையும் ஒரு தடவை பாருங்கள். நான் இருக்கிற இடத்திலிருந்து அது தெரியவில்லை.

இதோ, நிமிர்கிறேன்.