வரிசை எண் அறுபத்தொன்று

1

இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய வரி: “கொரின்னா தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள்.” அடித்துவிட்டேன். அது பொய். அடுத்த தடவை, “கல்லூரியிலிருந்து வந்த ஆள் அவளிடம் ஒரு கணக்கைக் காட்டி” என்று தொடங்கிப் பாதியிலேயே நிறுத்தினேன். கணக்குப் போட்டது நான். எழுதுகிறவர்களுக்குக் கிடைக்கும் வசதிகளிலேயே மோசமானது, நடந்ததிலிருந்து தன்னை மட்டும் நைசாக வெளியே எடுத்துவிடுவதுதான்.

கென்டக்கியின் கிழக்கு மலைப்பக்கத்தில், ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளப் பட்டியல் போடுகிறேன். கொரின்னா ஸ்டிதம் அங்கே நர்ஸ் உதவியாளர். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கைத் துணி மாற்றுவது. ஒன்பது வருடம். மணிக்குப் பதினைந்து டாலர். அதே இல்லத்தில் நர்ஸுக்கு முப்பத்துமூன்று.

ஒரு மதியம், சாப்பாட்டு அறையில், என் சோள ரொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு கல்லூரிகளின் நர்ஸ் படிப்பு விவரத்தாளை வைத்தாள்.

“நீங்க கணக்குல புலி. எது நல்லதுன்னு பார்த்துச் சொல்லுங்க.”

2

ஒன்று, அரசு நடத்தும் சமுதாயக் கல்லூரி. மொத்தம் எட்டாயிரம் டாலர். பெரும்பகுதிக்கு அரசு உதவி உண்டு. ஆனால் வருடத்துக்கு இருபத்து நான்கு பேரைத்தான் எடுப்பார்கள். காத்திருப்போர் பட்டியலில் அவள் வரிசை எண் அறுபத்தொன்று. இரண்டரை வருடம் காத்திருக்க வேண்டும்.

மற்றது, நகரத்தில், மூடிப்போன ஒரு துணிக்கடை இருந்த இடத்தில் நடந்த தனியார் கல்லூரி. ஐம்பத்து நாலாயிரம், முழுக்கக் கடன். வகுப்பு அடுத்த திங்களே தொடக்கம்.

இரண்டரை வருடம் உதவியாளராகவே இருந்தால் கைவிட்டுப் போகும் கூடுதல் சம்பளம் தொண்ணூறாயிரத்துக்கு மேல். நான் அதை வட்டமிட்டுக் காட்டினேன்.

“காத்திருக்கிறதுதாம்மா நட்டம்.”

“அந்தப் பட்டியல்ல என் பேரு இருந்துட்டுப் போகட்டுமா? ஆறு மாசத்துக்கு ஒருதரம் முப்பது டாலர் கட்டணும்.”

“போகப்போறதில்லன்னு ஆச்சு. எதுக்குத் தண்டம்?”

(இந்தக் கடைசி வரியை மூன்று வரைவுகளில் வேறு யார் வாயிலாவது போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் பொருந்தவில்லை.)

3

கடனில் பாதியைத் தனியார் வங்கிதான் தரும். அதற்கு, அவள் கட்டாவிட்டால் தான் கட்டுவதாக இன்னொருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். இந்த இடத்தில் நான் இல்லை. கொரின்னா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

அவள் அம்மா ஓபல், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள்.

“இத்தனை பக்கமா? உங்கப்பாவைக் கட்டிக்கும்போதுகூட நான் இவ்வளவு படிக்கல.”

“படிச்சிருந்தா நீ கட்டியிருக்க மாட்டேம்மா.”

“வாயப் பாரு.” ஓபல் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “கொரின்னா, இந்த வீடு அந்த மனுஷன் சுரங்கத்துல இருமி இருமிச் சம்பாதிச்சது. தெரியும்ல?”

“தெரியும்மா. வேணாம்னா வேணாம்.”

“வேணாம்னா சொன்னேன்? எங்க போடணும், காட்டு.”

4

பதினாறு மாதம். வாரநாளில் வகுப்பு, சனி ஞாயிறில் இல்லத்து வேலை. மருந்தளவுக் கணக்குகளைக் காருக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டிவைத்து, சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது படித்தாள். எனக்கே ரத்த அழுத்தம் பார்த்து, “உப்பைக் குறைங்க” என்று மிரட்டினாள். அந்த நாட்களில் அவள் நடையே மாறியிருந்தது.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, கல்லூரியின் கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அங்கே படித்தவர்களில் உரிமத் தேர்வில் தேறியவர்கள் மிகக் குறைவு என்று மாநிலம் அனுமதியை ரத்து செய்துவிட்டது. எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதற்கு என் கணக்கில் ஒரு வரிசைகூட இல்லை. அந்தத் தகவல் விவரத்தாளின் பின்பக்கம், சின்ன எழுத்தில் இருந்தது. நான் திருப்பிப் பார்க்கவில்லை.

சமுதாயக் கல்லூரி அந்தப் பதினாறு மாதப் படிப்பில் ஒரு பாடத்தைக்கூட ஏற்கவில்லை. கல்லூரி மூடப்பட்டதால் அரசுக் கடன் தள்ளுபடியானது. வங்கிக் கடன் அப்படியே நின்றது: இருபத்தாறாயிரம், மாதம் முந்நூற்று நாற்பது. வங்கிக்காரர்கள் ஓபலை அழைக்கத் தொடங்கினார்கள். கொரின்னா மறுபடி பட்டியலில் பெயர் கொடுத்தாள். எண் எண்பத்தெட்டு. போன ஆகஸ்டில் அறுபத்தொன்றாம் எண்ணுக்கு இடம் கிடைத்தது. யாருக்கு என்று தெரியாது.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

5

இதோடு கதையை முடித்துவிடத்தான் இருந்தேன். ஆனால் மார்ச்சில் ஒன்று நடந்தது.

பதினான்காம் அறையில் ஃபியூகேட் என்ற கிழவர். மதியச் சூப் கொண்டுபோன கொரின்னா, அவர் படுக்க முடியாமல் விளிம்பில் உட்கார்ந்து திணறுவதைப் பார்த்தாள். கால் வீங்கியிருந்தது. எச்சிலில் இளஞ்சிவப்பு நுரை. அன்றைய நர்ஸ் டெவ்ரா, வேலைக்கு வந்து இரண்டு மாதமே ஆனவள்.

“சளிதான். சாயங்காலம் டாக்டர்கிட்ட சொல்லிக்கலாம்.”

“சளி இல்ல டெவ்ரா. நுரையீரல்ல நீர் ஏறுது. இதயம். சாயங்காலம்வரை தாங்காது.”

“நீ நர்ஸா?”

கொரின்னா திரும்பி நடந்தாள். நடைக்கூடத்துத் தொலைபேசியில் ஆம்புலன்ஸை அழைத்தாள். அப்புறம் கிழவரைத் தன் தோளில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தாள்.

ஃபியூகேட் பிழைத்தார். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கொரின்னாவுக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை: தன் வேலை எல்லையை மீறியதற்காக. அடுத்த முறை வேலை போகும். அந்தக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தது நான்.

6

முடிவுகள்.

(அ) எண்பத்தெட்டின் முறை வருகிறது. நாற்பது வயதை நெருங்கும்போது கொரின்னா

(ஆ) ஓபல் வீட்டை விற்றுக் கடனை அடைக்கிறாள். இருவரும் வாடகைக்கு

(இ) இன்னொரு அறை, இன்னொரு கிழவர். இந்த முறை அவள் தொலைபேசியை எடுக்காமல்

மூன்றையும் முடிக்க முடியவில்லை. போன வாரம் இதுவரை எழுதியதை அவளிடமே கொடுத்தேன். இடைவேளையில் சுவரோரம் நின்றபடி படித்தாள். பட்டியல் பேச்சு வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மேலே படித்தாள்.

“இதுல நான் நர்ஸ் ஆகுறேனா?”

“இன்னும் எழுதல. ஆகட்டுமா?”

தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி என்னிடம் திருப்பித் தந்தாள்.

“எழுதாதீங்க,” என்றாள். “அம்மா படிச்சா நம்பிடுவாங்க.”